முதல் பந்தியா, மூன்றாம் பந்தியா?

பிரவுசரில் எல்லோரும் பயன்படுத்தும் ஸ்டேபிள் பதிப்பு போதுமா, பீட்டா, நைட்லி போன்ற முன்னோட்டப் பதிப்புகளுக்குப் போகலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சில இங்கே. ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்தால் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். முகவரிப் பட்டையில் தட்டச் சொல்லும் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

குரோமில் ஸ்டேபிள், பீட்டா, டெவ், கேனரி என்று நான்கு கிடைக்கிறது. பீட்டா போட்டால் வேகம் கூடும் என்று நண்பன் சொல்கிறான். போடலாமா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

வேகத்துக்காக என்றால் வேண்டாம். நான்கும் ஒரே நிரல்தான். எவ்வளவு நாள் சோதிக்கப்பட்டது என்பதில்தான் வித்தியாசம்.

கேனரியில் அன்றன்று சேர்த்த நிரல் அன்றைக்கே கட்டப்பட்டு வந்துவிடும். தானியங்கிச் சோதனைகளைத் தாண்டியிருக்குமே தவிர, மனிதக் கண் அதிகம் பட்டிருக்காது. சில நாள் திறக்கவே மறுக்கும். டெவ் ஏறக்குறைய வாரம் ஒருமுறை வரும். கேனரியில் மோசமாக உடைந்தவை அதற்குள் ஓரளவு சரியாகியிருக்கும். பீட்டா வேறு ரகம். ஒரு பதிப்புக்கான நிரலைத் தனிக் கிளையாகப் பிரித்தபின், அந்தக் கிளையில் புது வசதிகளைச் சேர்ப்பது நின்றுவிடும். பிழை திருத்தம் மட்டும் நடக்கும். அந்தக் கிளைதான் பீட்டாவாக வெளிவந்து, ஒரு மாதம் போல ஊற வைக்கப்பட்டு, பிறகு ஸ்டேபிள் ஆகிறது. பெரிய பதிப்பு 6 வாரத்துக்கு ஒன்று என்று இருந்ததை, 2021 செப்டம்பரில் 94-ஆம் பதிப்பிலிருந்து 4 வாரத்துக்கு ஒன்று என்று கூகுள் மாற்றியது.

முதல் பந்தியில் உட்கார்ந்தால் சூடாகச் சாப்பிடலாம். உப்பு சரியில்லை என்று சமையற்காரரிடம் சொல்லும் வேலையும் நம் தலையில்தான் விழும். அந்த வேலையில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் பீட்டா நல்ல இடம். இல்லையென்றால் ஸ்டேபிளிலேயே இருங்கள். ஒரு மாதம் கழித்து அதே வசதி தானாக வரப்போகிறது.

குரோமுக்குக் கேனரி போல ஃபயர்ஃபாக்ஸுக்கு நைட்லி. அது சில சமயம் ஸ்டேபிளைவிட மந்தமாகக்கூட இருக்கும். நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்க அதில் கூடுதல் சோதனைகள் வைத்திருப்பார்கள். நடக்கக்கூடாத நிலை ஒன்று உள்ளே நடந்தால், ஸ்டேபிள் சமாளித்துக்கொண்டு ஓடும். நைட்லி வேண்டுமென்றே தன்னை மூடிக்கொண்டு அறிக்கை அனுப்பும். இந்தப் பரபரப்பு தேர்வு நேரத்தில் உங்களுக்கு எதற்கு?

உங்கள் கணினியில் எது இருக்கிறது என்று பார்க்க, மெனுவில் ‘உதவி’ பகுதியில் ‘குரோம் பற்றி’ என்பதைத் திறங்கள். 120.0.6099.109 என்பது போல நான்கு பகுதி எண் வரும். முதல் பகுதி பதிப்பு, மூன்றாவது கட்டு எண் (பில்ட்), நான்காவது ஒட்டுத் திருத்தம் (பேட்ச்). பீட்டா பெரும்பாலும் ஸ்டேபிளைவிட ஒரு பதிப்பு முன்னால் போகும். கேனரி இரண்டு பதிப்பு முன்னால். ஃபயர்ஃபாக்ஸிலும் அப்படித்தான்: பீட்டா ஒன்று, நைட்லி இரண்டு. எட்ஜுக்கும் குரோமைப் போலவே நான்கு அடுக்கு. பிரேவில் நைட்லி உண்டு. விவால்டியில் அதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர்.

எங்கள் தணிக்கை அலுவலகத்தில் ஜிஎஸ்டி, வருமான வரி தாக்கல்தான் முழு நேர வேலை. கடைசி நாள் நெருக்கத்தில் பிரவுசர் தானாக அப்டேட் ஆகி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேலை செய்யாமல் போய்விட்டது. அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா? பழைய பதிப்பையே வைத்துக்கொள்வது பாதுகாப்பில்லையா?
– அலுவலக மேலாளர், ஈரோடு

நிறுத்தாதீர்கள். அப்டேட் செய்யாத ஸ்டேபிள், பீட்டாவைவிட ஆபத்தானது.

காரணம், குரோமின் அடிப்படையான குரோமியம் திறந்த நிரல். ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தம் முதலில் பொதுவெளியில் உள்ள நிரலில்தான் விழும். அதைப் படித்து ஓட்டை எங்கே இருந்தது என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். திருத்தம் நிரலில் விழுந்த நாளுக்கும் உங்கள் கணினிக்கு வந்து சேரும் நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளி அவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம். 77-ஆம் பதிப்புக்கு முன் அது சராசரியாக 35 நாள். இரு வாரத்துக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் என்றானபின் 15 நாளாகக் குறைந்தது. 2023 ஆகஸ்டில் 116-ஆம் பதிப்பிலிருந்து வாரா வாரம் அனுப்புவது அதை மேலும் சுருக்கத்தான். வாடிக்கையாளரின் பான் எண்ணும் வங்கி விவரமும் இருக்கும் கணினியில் அப்டேட்டை முடக்கினால், அந்த அவகாசத்துக்கு முடிவே இல்லை.

உங்களுக்கு வேண்டியது, உடையப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வழி. பீட்டாவின் உண்மையான பயன் அங்கேதான்.

டோக்கன் ஏன் அடிக்கடி மாட்டுகிறது? பிரவுசர் யுஎஸ்பி டோக்கனுடன் நேரடியாகப் பேசுவதில்லை. கணினியில் எம்சைனர் போன்ற ஒரு நிரல் பின்னணியில் ஓடுகிறது. இணையதளப் பக்கம் 127.0.0.1 என்ற முகவரி வழியாக, அதாவது அதே கணினிக்குள், அந்த நிரலை அழைக்கிறது. வெளியே இருக்கும் தளம் ஒன்று உங்கள் கணினிக்குள் ஓடும் நிரலைத் தட்டுவது பாதுகாப்புப் பார்வையில் சந்தேகத்துக்குரிய காரியம் என்பதால், பிரவுசர் தயாரிப்பாளர்கள் இந்த வாசலை வருடா வருடம் இறுக்கிக்கொண்டே வருகிறார்கள். 2025 அக்டோபரில் வந்த குரோம் 142, இப்படிப்பட்ட உள்ளக அழைப்புகளுக்குப் பயனரிடம் அனுமதி கேட்கத் தொடங்கியது. அவசரத்தில் யாராவது ‘தடு’ என்று அழுத்திவிட்டால், அந்தத் தளத்துக்கு அந்த வாசல் மூடியே கிடக்கும். முகவரிப் பட்டையின் இடப்பக்கம் உள்ள சின்னத்தை அழுத்தி, தள அனுமதிகளில் உள்ளக நெட்வொர்க் அனுமதியைத் திரும்பத் திறக்க வேண்டும். உங்கள் சிக்கல் அதற்குப்பின் வந்தது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இதற்கு முன்பு 2020 பிப்ரவரியில் குரோம் 80 வந்தபோது, தளம் உங்களை அடையாளம் காண உங்கள் பிரவுசரில் வைக்கும் குறிப்பான குக்கிக்கு விதி மாறியது. ஒரு தளத்திலிருந்து பணம் செலுத்தும் பக்கத்துக்குப் போய்த் திரும்பும்போது, பழைய முறையில் எழுதப்பட்ட குக்கி கூடவே வராது. தளம் ‘நீ யார்’ என்று மறுபடி லாகின் கேட்கும். புதிதாக வைத்த குக்கிக்கு 2 நிமிடச் சலுகை உண்டு. அதனால் ஓடிபி சட்டென்று வந்தவருக்குப் பணம் போனது, தாமதமாக வந்தவருக்குப் போகவில்லை. பல இடங்களில் ‘சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் இல்லை’ என்று தலையைப் பிய்த்துக்கொண்டதற்கு இந்த 2 நிமிடம்தான் காரணம். கொரோனா நேரத்தில் அத்தியாவசியத் தளங்கள் தடுமாறக்கூடாது என்று ஏப்ரலில் கூகுள் அதைத் திரும்பப் பெற்று, ஜூலையில் குரோம் 84-உடன் மறுபடி கொண்டுவந்தது. பீட்டாவில் தங்கள் தளத்தை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் முன்பே தெரிந்திருக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது: அலுவலகத்தில் ஒரே ஒரு கணினியில், ஸ்டேபிளுக்குப் பக்கத்திலேயே குரோம் பீட்டாவையும் நிறுவுங்கள். இரண்டும் தனித்தனி ஐகான், தனித்தனித் தரவு, ஒன்றையொன்று தொடாது. மாதத்தில் ஒருநாள், தாக்கல் நெருக்கடி வரும் 20-ஆம் தேதிக்கு வெகு முன்னால், பீட்டாவில் முழு வேலையையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: லாகின், கேப்ட்சா, ஓடிபி, பிடிஎஃப் ஏற்றுவது, இறக்குவது, பிரிண்ட். கையெழுத்துக்கு உண்மையான தாக்கல் தேவையில்லை. ஜிஎஸ்டி தளத்தில் புரொஃபைல் பகுதியில் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) பதிவு அல்லது புதுப்பிப்புப் பக்கம் வரை போய், டோக்கனில் உள்ள சான்றிதழ் பட்டியலில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, ஒப்புதல் தராமல் வெளியே வந்துவிடலாம். தெரியவில்லை என்றால், கையெழுத்து நிரலின் புதிய பதிப்பைத் தேடவும் உதவி மையத்தை அழைக்கவும் இன்னும் சில வாரம் கையில் இருக்கிறது.

கூடவே இரண்டாவது பிரவுசராக ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆர் பதிப்பை எல்லாக் கணினிகளிலும் வைத்திருங்கள். நிறுவனங்களுக்காக 2012-இல் தொடங்கிய வரிசை அது. ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறைதான் புது வசதிகள் வரும். நடுவில் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். புதிய இஎஸ்ஆர் வந்தபின்னும் பழையது சுமார் மூன்று மாதம் ஓடும் என்பதால் மாறுவதற்கு அவகாசம் உண்டு. ஒரு எச்சரிக்கை: ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று தனிச் சான்றிதழ் கிடங்கு வைத்திருக்கிறது. டோக்கன் நிரல் விண்டோஸில் நிறுவிய மூலச் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களுக்கு ஆதாரமானது) அது நம்பவில்லை என்றால், அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்பு பகுதியில், வெளியார் மூலச் சான்றிதழ்களைத் தானாக நம்ப அனுமதிக்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

குரோமிலும் எட்ஜிலும் 8 வாரத்துக்கு ஒருமுறை மட்டும் பதிப்பு மாறும் நீட்டித்த ஸ்டேபிள் ஒன்று இருக்கிறது. ஆனால் அது பதிவிறக்கப் பக்கத்தில் கிடைக்காது. நிர்வாகக் கொள்கை மூலம்தான் இயக்க முடியும். ஒரே மையத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் சேராத நாலைந்து கணினிகள் உள்ள அலுவலகத்துக்கு அந்தப் பாடு வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

ஃபயர்ஃபாக்ஸ் பீட்டா பிடிக்காமல் நீக்கிவிட்டு ஸ்டேபிள் போட்டேன். திறந்தால் புக்மார்க், பாஸ்வேர்ட் எதுவுமே இல்லை. எல்லாம் போய்விட்டதா?
– வாசகி, நாகர்கோவில்

அநேகமாக எதுவும் போகவில்லை. பிரவுசரை நீக்கினாலும் புரொஃபைல் ஃபோல்டர் வழக்கமாக அப்படியே இருக்கும். உங்கள் புக்மார்க், பாஸ்வேர்ட், குக்கி, எக்ஸ்டென்ஷன் எல்லாம் குடியிருப்பது அங்கேதான்.

2019 மே மாதம் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு நிறுவலுக்கும் ஃபயர்ஃபாக்ஸ் தனிப் புரொஃபைல் உருவாக்குகிறது. புதிதாகப் போட்ட ஸ்டேபிள் தனக்கென்று ஒரு காலிப் புரொஃபைலைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது. முகவரிப் பட்டையில் ‘அபவுட்:புரொஃபைல்ஸ்’ என்று தட்டுங்கள். இருக்கும் எல்லாப் புரொஃபைலும் ஃபோல்டர் முகவரியோடு வரிசையாக வரும். பழையதைக் கண்டுபிடித்துவிட்டு, உடனே அதை ஸ்டேபிளில் திறக்கப் போகாதீர்கள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

புதிய பதிப்பு, புரொஃபைலுக்குள் இருக்கும் தரவுத்தளங்களின் அமைப்பைத் தன் தேவைக்கேற்ப மாற்றி எழுதும். மாற்றியதைப் பழைய பதிப்புக்குப் படிக்கத் தெரியாது. படிக்க முயன்றால் பாதி புரிந்து, மீதியைக் கெடுத்துவிடக்கூடும். அதனால்தான் ‘நீங்கள் பழைய ஃபயர்ஃபாக்ஸைத் திறந்திருக்கிறீர்கள்’ என்று சொல்லி, புதுப் புரொஃபைல் தொடங்கவா, வெளியேறவா என்ற இரண்டு வழியை மட்டும் காட்டும். இந்தத் தடையை மீறித் திறக்க ஒரு கட்டளை இருக்கிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை. குரோமும் இதே கதைதான்: புரொஃபைல் புதிய பதிப்பைச் சேர்ந்தது, அதைப் பயன்படுத்த முடியாது என்று சொல்லும்.

பாதுகாப்பான வழி இது. பீட்டாவை மறுபடி நிறுவி, ‘அபவுட்:புரொஃபைல்ஸ்’ பக்கத்தில் பழைய புரொஃபைலுக்கு நேராக உள்ள பொத்தானால் அதைத் திறங்கள். புக்மார்க் நூலகத்தில் ‘இறக்குமதியும் காப்பும்’ என்ற மெனுவில் எல்லாவற்றையும் எச்டிஎம்எல் கோப்பாக வெளியே எடுங்கள். பாஸ்வேர்ட் பக்கத்தில் மூன்று புள்ளி மெனு வழியாக சிஎஸ்வி கோப்பாக எடுக்கலாம். அந்தக் கோப்பில் பாஸ்வேர்ட் எல்லாம் வெட்டவெளிச்சமாக இருக்கும், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். இரண்டையும் ஸ்டேபிளில் ஏற்றுங்கள். அல்லது, ஸ்டேபிள் உங்கள் பீட்டாவின் எண்ணை எட்டும்வரை நான்கு வாரம் பொறுங்கள். எண் சமமானபின் அதே புரொஃபைலை ஸ்டேபிளில் திறக்கலாம்.

பழைய புரொஃபைல் ஃபோல்டருக்குள், புக்மார்க் காப்புகளுக்கென்று ஒரு துணை ஃபோல்டர் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே தேதி போட்டு 15 பிரதிவரை அதில் வைத்திருக்கும். வேறு எந்த வழியும் பலிக்காவிட்டால் அதிலிருந்து மீட்கலாம்.

குரோம்காரர்களுக்கு: விண்டோஸில் கேனரியின் தரவு ‘குரோம்’ ஃபோல்டரில் இருக்காது, ‘குரோம் எஸ்எக்ஸ்எஸ்’ என்ற ஃபோல்டரில் இருக்கும். ‘கேனரி’ என்று தேடிக் கிடைக்காமல் அழித்துவிட்டதாக நினைப்பவர்கள் அங்கே பாருங்கள்.

ஸ்டேபிளிலும் பீட்டாவிலும் ஒரே கூகுள் கணக்கில் நுழைந்து சிங்க் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், சேலம்

முடியும், ஆனால் வேண்டாம். சிங்க் சேர்ப்பதை மட்டும் கொண்டுபோகாது, அழிப்பதையும் கொண்டுபோகும். முன்னோட்டப் பதிப்பில் ஏதோ பிழையால் புக்மார்க் ஃபோல்டர் காணாமல் போனால், சில நொடியில் ஸ்டேபிளிலும் ஃபோனிலும் அது காணாமல் போகும். புக்மார்க்கை ஒருமுறை எச்டிஎம்எல் கோப்பாக எடுத்துப் பீட்டாவில் ஏற்றிக்கொள்ளுங்கள், போதும்.

என் பழைய விண்டோஸ் 7 கணினியில் குரோம் ‘இனி அப்டேட் வராது’ என்கிறது. பீட்டா அல்லது கேனரி போட்டால் ஓடுமா?
– பிரவுசிங் சென்டர் நடத்துபவர், கும்பகோணம்

ஓடாது. முன்னோட்டப் பதிப்புகள் ஸ்டேபிளுக்கு முன்பே பழைய விண்டோஸைக் கைகழுவிவிடும். விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் குரோம் 109-தான் கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 110-க்கு விண்டோஸ் 10 வேண்டும். எட்ஜும் 109-இல் நின்றுவிட்டது.

ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் மட்டும் விண்டோஸ் 7-க்காகத் தனியாகப் பாதுகாப்புத் திருத்தங்களோடு நீட்டிக்கப்பட்டது. அதன் முடிவுத் தேதியை ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா பலமுறை தள்ளிப்போட்டிருக்கிறது; அதை நம்பி நீண்ட திட்டம் போடாதீர்கள். 115-ஐ வைத்திருந்தால் அது 115.13 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 மார்ச் 14-ஆம் தேதி ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானதால், அதற்கு முந்தியவற்றில் எக்ஸ்டென்ஷன்கள் முடங்கியிருக்கும். பொதுமக்கள் வந்து வங்கிக் கணக்கைத் திறக்கும் இடம் என்பதால் சொல்கிறோம்: கணினி 64 பிட், 4 ஜிபி ரேம் என்றால் லினக்ஸ் போட்டு, அதில் நடப்பு ஃபயர்ஃபாக்ஸை வையுங்கள்.

கேனரி போட்டால், குரோமில் நிறுத்தப்பட்ட பழைய விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் மறுபடி வேலை செய்யுமா?
– வாசகர், மதுரை

நேர்மாறு. பழைய மேனிஃபெஸ்ட் 2 வகை எக்ஸ்டென்ஷன்களுக்கு 2024 ஜூனில் எச்சரிக்கை காட்டத் தொடங்கியதே பீட்டா, டெவ், கேனரியில்தான். ஸ்டேபிளுக்கு அது பிறகு வந்தது. ஒரு வசதி போகப்போகிறது என்றால் முதலில் போவது முன்னோட்டத்தில்தான். யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு முழு வடிவில் வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்டேபிளே போதும்.

ஃபயர்ஃபாக்ஸ் நைட்லியைத் தமிழ் இடைமுகத்தில் வைத்திருக்கிறேன். நடுநடுவே சில மெனு வரிகள் ஆங்கிலத்தில் வருகின்றன. ஸ்டேபிளில் இவ்வளவு இல்லை. என்ன கோளாறு?
– தமிழாசிரியர், கோவை

கோளாறு இல்லை. நிரலாளர்கள் புதிய மெனு வரி ஒன்றைச் சேர்த்தால் அது முதலில் நைட்லிக்கு வரும். அந்த நேரத்தில்தான் மொழிபெயர்ப்புக்கும் போகும். மொசில்லா இதற்குப் பான்டூன் என்ற இணையதளத்தை வைத்திருக்கிறது. தமிழ் உள்பட எல்லா மொழிகளிலும் தன்னார்வலர்கள் அங்கே வரி வரியாக மொழிபெயர்க்கிறார்கள். ஒரு வரிக்கு இன்னும் தமிழ் வராதபோது பிரவுசர் ஆங்கில வரியைக் காட்டிச் சமாளிக்கிறது. நைட்லியில் 4 வாரம், பீட்டாவில் 4 வாரம் என்று போகும் பயணத்தில் யாராவது மொழிபெயர்த்துவிட்டால், ஸ்டேபிளில் தமிழாக வரும். யாரும் தொடாவிட்டால் ஸ்டேபிளிலும் ஆங்கிலம்தான்.

பான்டூனில் கணக்குத் தொடங்கி, உங்கள் கண்ணில் பட்ட அந்த ஆங்கில வரியைத் தேடுங்கள். பரிந்துரையாகத் தமிழ் வரியைப் பதியலாம். உரிமை பெற்ற ஒருவர் பார்த்து ஒப்புவார். மெனுவில் எந்த இடத்தில் அந்த வரி வருகிறது என்று நைட்லியில் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுவது முக்கியம். ‘ஓப்பன்’ என்ற ஒரே சொல் பொத்தானில் ‘திற’ என்று வரவேண்டும். நிலையைக் காட்டும் இடத்தில் ‘திறந்துள்ளது’ என்று வரவேண்டும். பட்டியலை மட்டும் பார்த்து எழுதினால் இந்த வேறுபாடு தெரியாது. தமிழ் தெரிந்தவர் நைட்லி வைத்திருக்க இதைவிட நல்ல காரணம் இல்லை.

எழுத்துருவிலும் இதே கண் உதவும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் தமிழ் எழுத்தைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற பொது நிரலைப் பயன்படுத்துகின்றன. ‘கொ’ என்று தட்டினால் ஒற்றைக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்பது அதன் வேலை. முன்னோட்டப் பதிப்பில் கொம்பு பிரிந்து புள்ளி வட்டத்தோடு தெரிந்தாலோ, எழுத்து இடைவெளியைக் கூட்டிய தலைப்பில் ‘கோ’ சிதறினாலோ, ஸ்டேபிளிலும் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டிலும் இருந்தால் பெரும்பாலும் எழுத்துருவின் குறை. முன்னோட்டத்தில் மட்டும் என்றால் அது புதிய பிழை. உடனே சொன்னால் ஸ்டேபிளுக்கு வருமுன் தடுக்கலாம்.

ஆண்ட்ராய்டு ஃபோனில் குரோம் பீட்டா வைத்துக்கொள்வதால் வங்கி ஆப் பாதிக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

குரோம் பீட்டா தனி ஆப்; ஸ்டேபிளுக்குப் பக்கத்தில் தன்பாட்டில் இருக்கும். வெப்வியூ விஷயத்தில்தான் கவனம் வேண்டும். மற்ற ஆப்கள் தங்களுக்குள் வலைப்பக்கம் காட்டப் பயன்படுத்தும் பாகம் அது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘வெப்வியூ இம்ப்ளிமென்டேஷன்’ என்ற இடத்தில் பீட்டா அல்லது கேனரியைத் தேர்ந்திருந்தால், ஃபோனில் அந்தப் பாகத்தைப் பயன்படுத்தும் எல்லா ஆப்புகளும் அதன் சோதனைப் பதிப்பில் ஓடும். அதை ஸ்டேபிளுக்கு மாற்றிவிடுங்கள். ஸ்டேபிளும் தவறே செய்யாது என்றில்லை: 2021 மார்ச்சில் ஸ்டேபிள் வெப்வியூவில் வந்த பிழையால் உலகம் முழுக்க ஜிமெயில் உள்படப் பல ஆப்கள் திறந்தவுடன் மூடிக்கொண்டன, புது அப்டேட் வந்துதான் தீர்ந்தது.

இணையதளம் வடிவமைக்கிறேன். வாடிக்கையாளரின் தளத்தை எந்தெந்தப் பதிப்பில் சோதிக்க வேண்டும்? தானியங்கிச் சோதனையும் அடிக்கடி ‘செஷன் நாட் கிரியேட்டட்’ என்று நின்றுவிடுகிறது.
– ஃப்ரீலான்சர், சென்னை

ஒப்படைக்கும் முன் ஸ்டேபிள் மூன்றிலும்: குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி. ஒப்படைத்தபின் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால், மாதம் ஒருமுறை குரோம் பீட்டாவிலும் ஃபயர்ஃபாக்ஸ் பீட்டாவிலும். மேக் இருந்தால் சஃபாரி டெக்னாலஜி பிரிவியூவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016 முதல் ஆப்பிள் அதைத் தனி ஆப்பாகத் தருகிறது. கேனரியையும் நைட்லியையும் தினசரிச் சோதனையில் வைத்தால், உங்கள் தவறு எது, பிரவுசரின் தவறு எது என்று பிரிப்பதிலேயே நாள் போய்விடும். பெரிய மாற்றம் ஒன்று அறிவிக்கப்பட்டு, அதை மட்டும் முன்கூட்டிப் பார்க்க வேண்டியபோது அவற்றைத் திறங்கள்.

அப்படி ஒன்று 2022-இல் நடந்தது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100-ஆம் பதிப்பை நெருங்கின. பிரவுசர் தன்னைத் தளத்துக்கு அறிமுகப்படுத்த அனுப்பும் அடையாள வரியில் பதிப்பு எண்ணுக்கு இரண்டே இலக்கம் என்று நினைத்து எழுதிய தளங்கள் 100-ஐ 10 என்று படித்து, ‘உங்கள் பிரவுசர் மிகப் பழையது’ என்று விரட்டிவிடும். அதனால் பல மாதம் முன்பே குரோமில் எண்ணை 100 என்று பொய்யாகக் காட்டும் ஒரு கொடி (சோதனை வசதியை இயக்கும் சுவிட்ச்) வைத்தார்கள், நைட்லியிலும் சோதித்தார்கள். நிலைமை மோசமானால் அடையாள வரியில் 99-ஐ அப்படியே நிறுத்திவைக்கும் மாற்றுத் திட்டமும் குரோமிடம் இருந்தது. தேவைப்படவில்லை.

கொடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சோதனைக்காக ஏதேனும் கொடியை இயக்கினால், வேலை முடிந்ததும் கொடிகள் பக்கத்தில் மேலே உள்ள பொத்தானால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். மறந்துவிட்டால், ‘என் கணினியில் சரியாகத்தானே வருகிறது’ என்று வாடிக்கையாளரிடம் வாதாட வேண்டிவரும்.

‘செஷன் நாட் கிரியேட்டட்’ வருவது பெரும்பாலும், சோதனை நிரலிலிருந்து குரோமை இயக்கும் குரோம்டிரைவரின் பதிப்பும் குரோமின் பதிப்பும் ஒத்துப்போகாததால். குரோம் தானாக அப்டேட் ஆகிவிடுகிறது, டிரைவர் பழைய எண்ணிலேயே நிற்கிறது. 115-ஆம் பதிப்பிலிருந்து ‘குரோம் ஃபார் டெஸ்டிங்’ என்று, தானாக அப்டேட் ஆகாத தனிக் கட்டும் அதே எண்ணுள்ள டிரைவரும் சேர்ந்தே கிடைக்கின்றன. சோதனைக்கு அதைப் பயன்படுத்துங்கள். செலினியம் என்ற சோதனைக் கருவி 4.6 அல்லது அதற்கு மேல் என்றால், பொருத்தமான டிரைவரை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். கையால் இறக்கி வைத்த பழைய டிரைவர் பாதையில் குறுக்கே நிற்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

நைட்லியில் ஒரு தளம் உடைந்திருக்கிறது. பிழையாகப் பதிய விரும்புகிறேன். ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் யாரும் கண்டுகொள்வதில்லை. எப்படி எழுதுவது?
– பொறியியல் மாணவி, திருச்சி

முதலில் புதிய காலிப் புரொஃபைலில் அதே தளத்தைத் திறங்கள். சரியாக வந்தால் உங்கள் எக்ஸ்டென்ஷனோ அமைப்போதான் காரணம், பதிய வேண்டியதில்லை. அங்கேயும் உடைந்தால் ஸ்டேபிளில் பாருங்கள். ஸ்டேபிளில் சரி, நைட்லியில் தவறு என்றால் உங்கள் கையில் மதிப்புள்ள பிழை இருக்கிறது.

அடுத்து, எந்த நாள் உடைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். மோஸ்ரிக்ரெஷன் என்ற இலவசக் கருவி இதற்கென்றே இருக்கிறது. சரியாக இருந்த ஒரு தேதியையும் உடைந்த ஒரு தேதியையும் கொடுத்தால், நடுவில் உள்ள நைட்லியை இறக்கித் தனிப் புரொஃபைலில் திறக்கும். தளத்தைப் பார்த்து ‘நல்லது’ அல்லது ‘கெட்டது’ என்று சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டு மீதியில் நடுவை எடுக்கும். இடைவெளி ஓர் ஆண்டு என்றாலும் 9 முறை போல பார்த்தால் நாள் பிடிபடும். அதன்பின் அந்த நாளுக்குள் எந்த மாற்றம் என்பதுவரை போகும். ஒவ்வொரு முறையும் முழுப் பிரவுசரை இறக்குவதால், மொபைல் டேட்டாவில் செய்யாதீர்கள்.

மொசில்லாவின் பிழைப் பதிவேடான பக்ஸில்லாவில் பதியும்போது இவை இருக்கட்டும்: தளத்தின் முகவரி, செய்த படிகள் வரிசையாக, வரவேண்டியது என்ன, வந்தது என்ன, ‘அபவுட்:சப்போர்ட்’ பக்கத்தின் உரை, மோஸ்ரிக்ரெஷன் கடைசியில் தரும் மாற்ற எல்லை. அந்த எல்லை இருந்தால், மாற்றத்தை எழுதிய நிரலாளரின் பார்வைக்கே உங்கள் பிழையைக் கொண்டுபோக முடியும். லாகின் தேவைப்படும் தளம் என்றால், லாகின் இல்லாமல் அதே பிழையைக் காட்டும் சிறு எச்டிஎம்எல் பக்கம் ஒன்றை உருவாக்கி இணையுங்கள். உங்கள் கணக்கின் படத்தை எடுத்துப் போடாதீர்கள். பக்ஸில்லாவில் பதிவது எல்லோருக்கும் தெரியும்.